மடித்த தாளும் மெழுகுப் பல்லும்

ஒரு சதுரத் தாளை இடமிருந்து வலமாகப் பாதியாக மடித்து, பிறகு மேல்பாதியைக் கீழே கொண்டுவந்து இன்னொரு முறை மடித்தால் நான்கு அடுக்கு ஆகிறது. இரண்டு மடிப்புகளும் சந்திக்கும் மூலையருகே ஒரு துளை போட்டால், விரித்த தாளின் நடுவில் நான்கு துளைகள் நெருங்கி நிற்கும். எதிர்மூலையில் போட்டால் அதே நான்கும் தாளின் நான்கு மூலைகளுக்குப் போய்விடும். தாளைத் தொடாமல், படத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்பது ஜவஹர் நவோதயா வித்யாலயாவின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு. அதன் 100 மதிப்பெண்ணில் 50 உருவ வினாக்களுக்கே போகிறது: கண்ணாடிப் பிம்பம், மடித்துத் துளையிட்ட தாள், பெரிய படத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறிய உருவம் என்று 40 கேள்விகள். இடங்களில் குறைந்தது 75 விழுக்காடு கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளிகள் இல்லாததால் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்த வாசலே கிடையாது. எல்லைக்கு இந்தப் புறம், ஆந்திரத்தில் சித்தூரை ஒட்டிய கங்காதர நெல்லூரில் இருக்கும் பிள்ளைக்கு, வீட்டில் பேசுவது தமிழானாலும் தெலுங்கானாலும், ஐந்தாம் வகுப்பிலேயே இந்தக் கேள்விகள் வந்துவிடுகின்றன. பழைய சித்தூர் மாவட்டத்துக்கான நவோதயா மதனப்பள்ளி அருகே வலசப்பள்ளியில் இருக்கிறது.

அந்தப் பிள்ளை வளர்ந்து பல் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் எழுத வேண்டியது நீட். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என்று 180 கேள்விகள். ஒரு வடிவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்க வருமா என்று சோதிக்கும் தனிப் பகுதி எதுவும் அதில் இல்லை. இடம் கிடைத்து, திருப்பதியிலோ வேறு ஊரிலோ பி.டி.எஸ். முதலாண்டில் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பல் உடற்கூறியல் வகுப்பில் ஒரு மெழுகுக் கட்டியையும் செதுக்கு கத்தியையும் கொடுத்து, மேல்தாடை வெட்டுப்பல்லை அளவோடு செதுக்கு என்கிறார்கள். கட்டிக்குள் பல் எங்கே இருக்கிறது, உதட்டுப் பக்கம் எது, நாக்குப் பக்கம் எது, எவ்வளவு ஆழம் போனால் வளைவு கெடும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதில் கேட்டதைப் பதினேழு வயதில் கேட்காமல் விட்டு, பதினெட்டில் கத்தியைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லும் ஏற்பாடு இது. இதில் எந்த இடத்தில் கோளாறு என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

கோளாறு நுழைவாயிலில்தான் என்று சொல்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே பல் மருத்துவக் கல்லூரிகளில் சேர எழுதும் டாட் தேர்வில், அறிவியல் பாடங்களோடு ‘காட்சிப் புலனறிவு’ என்று தனிப் பகுதி இருக்கிறது. 60 நிமிடத்தில் 90 கேள்விகள். ஒன்றுக்கு 40 வினாடி. ஒரு கட்டிப்பொருள் எந்தத் துவாரத்தின் வழியே நுழையும், மேலிருந்தும் முன்னிருந்தும் வரைந்த இரு தோற்றங்களைக் கொண்டு பக்கத் தோற்றம் எது, நான்கு கோணங்களில் சிறியது முதல் பெரியது வரை வரிசை என்ன, மடித்துத் துளையிட்ட தாளை விரித்தால் துளைகள் எங்கே, அடுக்கி வண்ணம் பூசிய கனசதுரங்களில் இத்தனை முகம் வண்ணம் பட்டவை எத்தனை, தட்டையான அட்டையை மடித்தால் எந்தப் பெட்டி வரும் என்று ஆறு வகை, வகைக்கு 15. இதற்கு முன்பு அங்கே தேர்வர்கள் சுண்ணக்கட்டியையே செதுக்கிக் காட்ட வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டு, தாளில் எழுதும் வடிவ வினாக்கள் அந்த இடத்துக்கு வந்தன. கனடாவில் சோப்புக் கட்டியைச் செதுக்கும் தேர்வு அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. இந்த வினாக்களுக்கென்று மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பது அங்கே வழக்கம். அந்தப் பயிற்சி உண்மையில் எதை வளர்க்கிறது என்பது தெரிந்தால், நம் ஊர் ஏற்பாட்டில் எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் பிறவித் திறன் என்ற வாதம். 1971இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் செய்த சோதனை இந்தத் துறைக்கே அடித்தளம். கனசதுரங்களைக் கோத்துச் செய்த இரண்டு உருவங்களின் படங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றுதானா, அல்லது ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமா என்று கேட்டார்கள். ஒரு படம் மற்றதிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருந்ததோ அதற்கு நேர்விகிதத்தில் பதில் சொல்லும் நேரமும் கூடியது. வினாடிக்கு ஏறத்தாழ 60 பாகை என்ற கணக்கு. கையில் பிடித்துத் திருப்புவதைப் போலவே மனமும் உருவத்தைப் படிப்படியாகத் திருப்புகிறது என்பதற்கு இது சான்றாயிற்று. ஆளுக்கு ஆள் இதில் வேறுபாடு பெரிது. உளவியலாளர்கள் இடஞ்சார் திறன் என்று அழைக்கும் இதில் மரபுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று இரட்டையர் ஆய்வுகளும் காட்டுகின்றன. இதிலிருந்து ‘இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை’ என்ற முடிவுக்குத் தாவுவதில்தான் பிழை. உயரமும் பெருமளவு மரபுவழி வருவதுதான். ஆனாலும் நல்ல உணவு கிடைத்த தலைமுறை முந்தைய தலைமுறையைவிட உயரமாக வளர்ந்தது. மரபு ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை விளக்கும். எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதற்கு அது எல்லை போடுவதில்லை.

வளர முடியும் என்பதற்கு இன்று சான்று வலுவாக இருக்கிறது. டேவிட் உட்டலும் அவரது குழுவினரும் இடஞ்சார் பயிற்சி பற்றிய 217 ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சராசரியாக 0.47 திட்டவிலக்கம் முன்னேறியிருந்தார்கள். நூறு பேரைத் திறன்வாரியாக நிறுத்தினால், நடுவில் ஐம்பதாம் இடத்தில் நின்றவர் ஏறத்தாழ 68ஆம் இடத்துக்கு ஏறியதற்குச் சமம். வயது, பால், பயிற்சியின் வகை எதுவானாலும் பலன் இருந்தது. பயிற்சி நின்று சில காலம் ஆன பிறகும் அது கரைந்துவிடவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எந்தப் பயிற்சியும் இல்லாமல் அதே தேர்வை இரண்டாம் முறை எழுதினாலே மதிப்பெண் கூடும். ஆகவே ‘எங்கள் மையத்தில் சேர்ந்தபின் இவ்வளவு கூடியது’ என்ற விளம்பரக் கணக்கில் பாதி, தேர்வு பழகிப்போனதன் பலனாக இருக்கலாம். ஒப்பீட்டுக் குழு வைத்து அதைக் கழித்த பிறகும் எஞ்சி நிற்பதுதான் அந்த 0.47.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. பயிற்சியில் கூடுவது திறனா, தந்திரமா? கனசதுர வினாவை எடுத்துக்கொள்வோம். 27 சிறு கனசதுரங்களை 3×3×3 ஆக அடுக்கித் தரையில் வைத்து, தரையைத் தொடும் அடிப்பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் வண்ணம் பூசினால், மூன்று முகம் வண்ணம் பட்டவை 4, இரண்டு முகம் பட்டவை 12, ஒரு முகம் பட்டவை 9, வண்ணமே படாதவை 2. இதைக் கண்டுபிடிக்க மனத்தில் எதையும் சுழற்ற வேண்டியதில்லை. மேல்தட்டு மூலை, கீழ்த்தட்டு மூலை, விளிம்பு, நடு என்று வகைபிரித்து அட்டவணை போட்டால் போதும். பயிற்சி மையங்கள் சொல்லித் தருவதும் அதைத்தான். துளை வினாவுக்கும் நான்குக்கு நான்கு கட்டம் வரைந்து, மடிப்புக் கோட்டுக்கு இருபுறமும் புள்ளிகளைப் பிரதிபலிக்கும் முறை இருக்கிறது. இவை பொய்யான வழிகள் அல்ல. கணக்குப் போட்டு விடை காண்பதும் அறிவுதான். ஆனால் இந்த வழியில் தேறியவரின் மதிப்பெண்ணைப் பார்த்து, இவருக்கு வடிவங்களை மனத்தில் காணும் ஆற்றல் இருக்கிறது என்று ஒரு கல்லூரி முடிவு செய்தால், அது தேர்வு அளக்காத ஒன்றை அளந்ததாக நினைத்துக்கொள்வதாகும்.

தந்திரத்தை ஒதுக்கிவிட்டு உண்மையிலேயே மனத்தில் திருப்பிப் பழகினால்? மைக்கேல் டாரும் ஸ்டீவன் பிங்கரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், சில உருவங்களைக் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பழகப் பழக, கோணம் கூடினாலும் நேரம் பெரிதாகக் கூடாத நிலை வந்தது. வேகமாகத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள் என்று தோன்றும். ஆனால் அதே உருவங்களைப் புதிய கோணங்களில் காட்டியதும் பழைய தாமதம் திரும்பி வந்தது. அவர்கள் கற்றது திருப்பும் வித்தையைவிட, அந்தந்தக் கோணத்தில் அந்தந்த உருவத்தை அடையாளம் காணும் பழக்கம். இதற்கு எதிர்ப்பக்கத்திலும் சான்று உண்டு. 2008இல் ரெபேக்கா ரைட்டும் நோரா நியூகோம்பும் மற்றவர்களும் சில வாரம் நாள்தோறும் பயிற்சி கொடுத்த பிறகு சோதித்தபோது, சுழற்றல் பழகியவர்கள் தாள் மடிப்பிலும், தாள் மடிப்பு பழகியவர்கள் சுழற்றலிலும் முன்னேறியிருந்தார்கள். முன்னேற்றம் எந்தக் கட்டத்தில் வந்தது என்பது கவனிக்கத்தக்கது: பழகாத பணிக்குத் தாவியது சுழற்றும் வேகமன்று, படத்தை முதலில் உள்வாங்கி, எங்கே தொடங்குவது என்று தீர்மானிக்கும் கட்டம். இரண்டையும் சேர்த்து வாசித்தால் படம் தெளிவாகிறது. பார்க்கும் முறை ஓரளவு பரவும். வேகமும் துல்லியமும் பழகிய பொருளோடு ஒட்டியே நிற்கும்.

பல் மருத்துவத்தில் இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். மேரி ஹெகார்ட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு முதலாண்டு, நான்காமாண்டுப் பல் மருத்துவ மாணவர்களையும், ஒப்பீட்டுக்கு உளவியல் மாணவர்களையும் எடுத்துக்கொண்டது. ஒரு பல்லை இந்த இடத்தில் குறுக்கே வெட்டினால் உள்ளே என்ன தெரியும் என்று கேட்டதில் நான்காமாண்டினர் தெளிவாக முந்தினார்கள். இதுவரை பார்த்திராத வேறொரு பொருளை வெட்டினால் எப்படித் தெரியும் என்ற கேள்வியில் பல் மருத்துவப் படிப்பு அவர்களுக்குக் கூடுதல் அனுகூலம் எதையும் தரவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு அவர்களின் பொதுவான இடஞ்சார் திறனை ஏற்றவில்லை. பற்களைப் பற்றிய முப்பரிமாண வரைபடம் ஒன்றை மனத்தில் கட்டித் தந்திருந்தது. அதே ஆய்வில், இடஞ்சார் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர்கள் பல் அடைப்பு, சீரமைப்பு போன்ற செய்முறை வகுப்புகளில் ஓரளவு மேலாகச் செய்ததும் தெரிந்தது. தொடக்கத்தில் பொதுத்திறன் கைகொடுக்கிறது. போகப்போகப் பொருளறிவு அதன் இடத்தைப் பிடிக்கிறது.

ஒரு பல் மருத்துவர் நாள்தோறும் செய்வதை எண்ணிப் பார்த்தால் இது ஏன் என்று விளங்கும். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லைப் பெரும்பாலும் வாய்க்குள் வைத்த சிறு கண்ணாடியில் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். பிம்பத்தில் முன்னும் பின்னும் மாறித் தெரியும், கை அதற்கேற்பப் போக வேண்டும். எக்ஸ்ரே படம் தட்டை. கன்னப்பக்க வேரும் அண்ணப்பக்க வேரும் அதில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். குழாயைச் சற்று நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தால், எந்த வேர் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை வைத்து எது முன்னால், எது பின்னால் என்று கண்டுபிடிக்கிறார்கள். மேல் முதற்கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக மூன்று வேர். ஆனால் முன்கன்னப்பக்க வேருக்குள் இரண்டாவது கால்வாய் ஒளிந்திருப்பது சாதாரணம். அதைத் தேடாமல் விட்டால் வேர் சிகிச்சை தோற்கக்கூடும். எங்கே தேடுவது என்று தெரிவது அந்தப் பல்லின் அமைப்பை அறிந்ததால்தான். மனத்தில் எதையும் வேகமாகச் சுழற்றத் தெரிவதால் அது வந்துவிடாது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஓர் ஆறுதல் வாதம் எளிதாகத் தோன்றும். வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டு வளரும் பெண்களுக்கும், ஏர்ப்பேடு பக்கம் மாதவமாலாவில் மரத்தில் சாமிச் சிலை செதுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இந்தத் திறன் இயல்பாகவே வந்துவிடும் என்பது அது. கோலத்துக்குள் கணிதம் இருப்பது உண்மை. 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டி, கணினியியலின் உருவ இலக்கண ஆய்வுக்குள் அதைக் கொண்டுசென்றார்கள். ஆனால் மேலே கண்ட சான்றுகளை ஒழுங்காகப் பின்பற்றினால், கோலப் பயிற்சி கோலத்தையும் அதற்கு நெருங்கிய சமச்சீர் வேலைகளையும் நன்றாக வளர்க்கும், மரச்செதுக்கல் மரச்செதுக்கலை வளர்க்கும் என்றுதான் சொல்ல முடியும். அந்தப் பழக்கம் உள்ளவர், எதிலிருந்து தொடங்குவது என்று தெரிந்தவராக மெழுகுக் கட்டி முன் உட்காரக்கூடும். அதற்கு மேல் உரிமை கோருவது பெருமைக்கு உதவுமே தவிர உண்மைக்கு உதவாது. நவோதயா தேர்வுக்காகப் பத்து வயதில் துளைகளை எண்ணிய பிள்ளைக்கும் இதே அளவுகோல்தான்.

இனி எஞ்சுவது நுழைவாயிலைப் பற்றிய வலுவான ஆட்சேபம். தேர்வு மதிப்பெண் முதலாண்டுச் செய்முறையை ஓரளவு முன்னறிவிக்கிறதென்றால், நீட்டிலும் அதைச் சேர்த்துவிட்டால் என்ன? டொராண்டோவில் கைல் வான்சலும் மற்றவர்களும் 2002இல் வெளியிட்ட அறுவைசிகிச்சை ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. தோலை ‘இசட்’ வடிவில் வெட்டி இடம் மாற்றித் தைக்கும் சிகிச்சையை இளம் அறுவைசிகிச்சை மாணவர்கள் கற்றபோது, சிக்கலான வகையில் இடஞ்சார் திறன் கூடியவர்களே முதலில் சிறப்பாகச் செய்தார்கள். கூடுதல் பயிற்சியும், எங்கே பிசகியது என்ற விளக்கமும் கொடுத்ததும், குறைந்த மதிப்பெண்காரர்கள் அவர்களுக்கு இணையாக வந்துவிட்டார்கள். முன்னறிவிப்பு உண்மைதான், ஆனால் அது தொடக்க வேகத்தைப் பற்றியது. சற்றே கூடுதல் கற்பித்தலால் மூடிவிடக்கூடிய இடைவெளியைக் காட்டி ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்கு நியாயம் குறைவு.

அந்த இடைவெளி யார்மீது விழும் என்பதும் கணக்கில் வர வேண்டும். மனச்சுழற்சித் தேர்வுகளில் ஆண்களின் சராசரி பெண்களைவிடக் கூடுதலாக இருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. நேர நெருக்கடி கூடும்போது அந்த வித்தியாசமும் கூடுகிறது. இன்று பல் மருத்துவ வகுப்புகளில் பெண்களே அதிகம். கேள்விக்கு 40 வினாடி என்று அளக்கும் தேர்வை அங்கே வாயிற்காவலாக வைத்தால், பல்லைச் செதுக்கத் தெரியுமா என்பதோடு அவசரமாக விடை குறிக்கத் தெரியுமா என்பதும் கலந்துவிடும். மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1990களில் வேறு வழியில் போனார். பொறியியல் முதலாண்டில் இடஞ்சார் தேர்வை வைத்து, மதிப்பெண் குறைந்தவர்களுக்குக் கையால் வரைந்து, கட்டைகளை அடுக்கிப் பழகும் பாடம் ஒன்றைக் கொடுத்தார். அந்தக் குறைந்த பிரிவில் பெண்களின் விகிதம் அதிகமாக இருந்தது. பாடத்தை எடுத்தவர்கள் தேர்வில் மட்டுமல்லாமல் பிற பாடங்களிலும் மேலே வந்தார்கள். பெண்கள் பொறியியலை விட்டு விலகுவதும் குறைந்தது. அங்கே தேர்வு யாருக்குக் கூடுதலாகக் கற்பிப்பது என்பதைக் கண்டறியும் கருவியாயிற்று. பணம் கொடுத்துப் பயிற்சி மையத்தில் சேரக்கூடிய நகரத்துப் பிள்ளைக்கும், அந்த வசதியில்லாத கங்காதர நெல்லூர்ப் பிள்ளைக்கும் இடையில் உள்ள தூரத்தை நினைத்தால் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. பயிற்சியால் கூடும் ஒன்றை வாசலில் அளந்தால், பயிற்சிக்குக் கிடைத்த வாய்ப்பையும் சேர்த்தே அளக்கிறோம்.

அப்படியானால் வடிவ வினாக்களைப் பழகுவது வீணா? வீணில்லை, எதற்காக, எப்படி என்பதைப் பொறுத்தது. டாட் எழுதுபவருக்கு அந்த ஆறு வகையையே பழக வேண்டும். அங்கே மதிப்பெண் தரும் பொருள் அதுதான். நீட்டுக்குத் தயாராகும் பிள்ளைக்கு இதில் செலவிடும் நேரம் மதிப்பெண்ணாக வராது. ஆனால் மே மாதம் தேர்வு முடிந்து, கல்லூரி தொடங்கும் வரை இடையில் மாதங்கள் இருக்கின்றன. அப்போது சலவை சோப்புக் கட்டியில் எளிய வடிவங்களைச் செதுக்கலாம். செதுக்கும் முன், முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் மூன்றையும் தாளில் வரைய வேண்டும். வெட்டுவதற்கு முன்பே வெட்டிய முகம் எப்படித் தெரியும் என்று ஊகித்து வரைந்து, வெட்டிய பிறகு ஒப்பிட வேண்டும். ஊகமும் உண்மையும் எங்கே பிரிந்தன என்று பார்ப்பதில்தான் கற்றல் இருக்கிறது. விடைப் பக்கத்தைத் திருப்பிச் சரியா தவறா என்று குறிப்பது அதற்கு ஈடாகாது. ஒரே உருவத்தை நூறு முறை செய்வதைவிடப் பல உருவங்களைப் பல கோணங்களில் செய்வது நல்லது. ஒரே கோணத்தில் பழகியதற்கு என்ன ஆகும் என்பதை டார்–பிங்கர் ஆய்வு காட்டியிருக்கிறது. சேர்ந்த பிறகோ, பல்லின் மாதிரிகளையும் பிடுங்கிய பற்களையும் எக்ஸ்ரே படங்களையும் அருகருகே வைத்துப் பழகும் ஒரு மணி நேரத்துக்கு, பொது வடிவ வினாக்களில் போகும் ஒரு மணி நேரம் ஈடில்லை.

இந்தச் சான்றுகள் கல்லூரிகளிடம் கேட்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. முதல் வாரத்தில் அரை மணி நேர இடஞ்சார் தேர்வு ஒன்றை வைத்து, அதன் மதிப்பெண்ணைச் சான்றிதழில் ஏற்றாமல், கீழ்ப்பகுதியில் வந்தவர்களுக்கு மெழுகு வகுப்பில் கூடுதல் மணிநேரமும் கூடுதல் கட்டிகளும் கூடவே இருந்து திருத்திச் சொல்லும் ஓர் ஆசிரியரும் கொடுத்தால் போதும். ஆண்டு முடிவில் அதே மாணவர்களை மீண்டும் அளந்து, யார் எவ்வளவு ஏறினார்கள் என்று பார்த்தால், முதல் நாள் மதிப்பெண்ணைவிட அந்த ஏற்றம் வருங்கால மருத்துவரைப் பற்றி அதிகம் சொல்லும். முயன்றும் முன்னேறாத சிலரும் இருப்பார்கள். அவர்களைக் கண்டுகொள்ளவும் அதுவே நேர்மையான வழி, ஏனென்றால் அப்போது அவர்களுக்கு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. நீட்டில் வடிவ வினா இல்லை என்பது பெரிய குறையன்று. வாசலில் அதைக் கேட்காமல் உள்ளே எடுத்துக்கொண்ட கல்லூரி, உள்ளே வந்தவருக்கு அதைக் கற்றுத்தரும் கடமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கடமை நிறைவேறாமல் போனால்தான், இருந்தால் இருக்கிறது இல்லையென்றால் இல்லை என்ற பழைய முடிவு தானாகவே உண்மைபோல் தோன்றத் தொடங்கும்.